உரிமைக் குழு தொடங்குறதெண்டா முதல்ல கொப்பி வாங்குங்க

போன கிழமை ரெண்டு பொடியனுகள் மட்டக்களப்பு மண்முனைப் பாலத்தால மோட்டச்சைக்கிள்ள வந்து வாசல்ல நிண்டானுகள். "அக்கா, எங்கட ஊர்ல மனித உரிமைக் குழு ஒண்டு தொடங்கப்போறம், நல்ல பேரா ஒண்டு சொல்லுங்க" எண்டு. கையில லோகோ கீறின பேப்பர், லெட்டர்ஹெட் மாதிரி ரெண்டு, பேஸ்புக் பேஜ் கூட திறந்தாச்சாம். பேரெல்லாம் மறுகா பாப்பம் மனே, கொப்பி வாங்கியாச்சா எண்டு கேட்டன். ரெண்டு பேரும் ஒருத்தன ஒருத்தன் பாத்தானுகள். அண்டைக்கு பிளேன்டீ குடிச்சு குடிச்சு அவனுகளுக்குச் சொன்னதத்தான் இதில எழுதுறன், இன்னும் நாலு பேருக்கு உதவும். நான் லோயர் இல்ல, இருபது வருசத்துக்கு மேல இந்த அலுவல்ல கால்தேஞ்ச ஆள், அவ்வளவுதான்.

கொப்பி எண்டா சீஆர் கொப்பி, மட்டை கட்டினது. தாள் கிழிச்சா தெரியவேணும், அதுக்குத்தான் தையல் போட்ட கொப்பி, ஸ்பைரல் வேணாம். வாங்கின அண்டைக்கே முதல் பக்கத்தில இருந்து கடைசிப் பக்கம் வரைக்கும் இலக்கம் போடுங்க. ஜெல் பேனை வேணாம், எங்கட ஊர் மழைக்கு கரைஞ்சு போகும், போல்பொயிண்ட்தான். பிழைச்சா ஒரு கோடு கீறி வெட்டிப்போட்டு பக்கத்தில சைன் வையுங்க, டிப்பெக்ஸ் பூசினா நாளைக்கு வழக்கில எதிர்ப்பக்க லோயர் அந்தப் பக்கத்தத் தூக்கிக் காட்டித்தான் உங்கள வறுப்பார்.

மறுகா ஆக்கள். அஞ்சு பேர் போதும், அதுக்கு மேல தொடக்கத்தில வேணாம். ஒராள் எழுத்துத் தெளிவான ஆள், ஓய்வுபெற்ற டீச்சர் ஒராள் ஊருக்கு ஊர் இரிப்பாங்க. ஒராள் சிங்களம் வாசிக்கத் தெரிஞ்ச ஆள், கதைக்கத் தெரிஞ்சா காணாது வாசிக்கத் தெரியவேணும், ஏனெண்டா வாற பேப்பர் முழுக்க அதிலதான் வரும். காசி ஒரு பொம்புளைட கையில. ரெண்டு பேராவது முழுநேரமா ஊருக்குள்ளயே இரிக்கிற ஆக்கள், கட்டாருக்கு விசா பாத்துக்கொண்டு இரிக்கிற பொடியன் எவ்வளவு துடிப்பெண்டாலும் செயலாளரா போடாதீங்க. தலைவர் எண்டு ஒருத்தரையே பதினைஞ்சு வருசம் வச்சிரிக்காதீங்க, எங்கட ஆக்களுக்கு அது ஒரு வருத்தம், மாலை போட்டா கழட்ட மனம் வராது.

இது மரியாதைப் பிரச்சினை இல்ல, உயிர்ப் பிரச்சினை. மட்டக்களப்பில 1988 ஜூன்ல பிரஜைகள் குழுத் தலைவரா இரிந்த சந்திரா பெர்னாண்டோ அடிகளாரச் சுட்டாங்க. 1990 ஓகஸ்ட் 15 வாழைச்சேனைப் பக்கம் இருந்து டவுனுக்கு வந்துகொண்டிருந்த இயூஜின் ஹேபர்ட் அடிகளார், கூட வந்த சாரதிப் பொடியனோட காணாமப் போனவர், இண்டைக்கு வரைக்கும் இல்ல. ஆனா அந்த நேரத்தில சமாதானக் குழு எண்டு இரிந்த கொஞ்சப் பேர், ஹரி மில்லர் அடிகளார் மாதிரி ஆக்கள், பிள்ளையத் தேடி வந்த தாய்மார் சொன்னத எழுதி எழுதி வச்சாங்க. ஆள் போனாலும் எழுத்து நிக்குது. ஒராள்ட மண்டைக்குள்ள மட்டும் எல்லா விசயமும் இரிந்தா அந்த ஒராளத் தூக்கினா சரி, குழு முடிஞ்சுது. அதால கொப்பி எங்க இரிக்கு, திறப்பு எங்க இரிக்கு எண்டு மூண்டு பேருக்குத் தெரிஞ்சிரிக்கவேணும்.

பதிவு செய்யிறதா வேணாமா எண்டுதான் எல்லாரும் முதல்ல கேக்கிற. நாலு பேர் ஒண்டுகூடி உரிமையப் பத்திக் கதைக்கப் பதிவு தேவையில்ல, அரசியலமைப்பில 14ஆம் உறுப்புரையில ஒன்றுகூட, சங்கமா சேர எல்லாருக்கும் உரிமை இரிக்கு. 1980இன் 31ஆம் இலக்கச் சட்டம் எண்டு தொண்டு நிறுவனப் பதிவுக்கு ஒண்டு இரிக்கு, அதுக்குள்ள போனா என்ஜிஓ செயலகம், கணக்கறிக்கை, வருசாவருசம் பேப்பர், போதாததுக்கு ஆரெல்லாம் உறுப்பினர் எண்ட விபரம். ஆனா பதியாட்டி குழுட பேர்ல பேங்க் கணக்கு திறக்கிறது கஸ்டம். என்ர அபிப்பிராயம், முதல் ரெண்டு வருசத்துக்கு ஊர்ல ஏற்கனவே இரிக்கிற சங்கத்துக்குள்ள இரிந்து செய்யுங்க. மாதர் சங்கம் இரிக்கு, மீனவர் சங்கம் இரிக்கு, கமக்காரர் அமைப்பு இரிக்கு. மாதர் சங்கத்தில மாசக் கூட்டம் வழமையா நடக்குது, அதில அரைமணித்தியாலம் உங்கட விசயம் கதைச்சா ஆரும் புதுசா ஒரு கூட்டம் நடக்குது எண்டு மணந்து பாக்க வரமாட்டான். காசிக்கு ஆளுக்கு மாசம் நூறு ரூபா, துண்டு கிழிச்சுக் குடுங்க. வெளிநாட்டுக் காசி எண்டு மருமகன் அனுப்பின பத்தாயிரம் கூட கேள்வி கேக்கிற காலத்தில உங்களுக்கு அந்தத் தலையிடி வேணாம். பஸ் காசும் போட்டோக்கொப்பிக் காசும்தானே செலவு.

இனி எழுதுறது எப்பிடி எண்டு. இதிலதான் நிறையப் பேர் கோட்ட விடுற. "ஆமி வந்து அட்டகாசம் பண்ணினது" எண்டு எழுதினா அது ஒண்டுக்கும் உதவா. கண்டது வேற, கேட்டது வேற, நினைச்சது வேற. மூண்டையும் பிரிச்சு எழுதுங்க. உதாரணத்துக்கு இப்பிடி:

"செவ்வாய், 12ஆம் திகதி, பின்னேரம் 4.20. படலைக்கு வெளிய சாம்பல் நிற வேன். முன் தகடு இல்ல, பின் தகட்டில கடைசி மூண்டு இலக்கம் 417. இறங்கினது மூண்டு பேர். ஒராள் காக்கிக் காற்சட்டை, மேல கறுப்பு ரீசேட். மத்த ரெண்டு பேரும் சிவில். காக்கி உடுத்தவர் சிங்களத்தில கதைச்சார், மெலிஞ்சவர் தமிழில மொழிபெயர்த்தார். பேர் கேட்டதுக்குச் சொல்லல்ல. கண்டது: மனைவி, பக்கத்து வீட்டு மாமி. மாமி வேலிக்கு அங்கால நிண்டவ, கதைச்சது கேக்கல்ல, வேன் மட்டும் கண்டவ."

பாத்தீங்களா, மாமிக்குக் கேக்கல்ல எண்டதையும் எழுதியிரிக்கு. அந்த ஒரு வரிதான் மீதி எல்லாத்தையும் நம்ப வைக்கிற. ஆமியா, எஸ்ரிஎஃப் எண்ட விசேட அதிரடிப்படையா, பொலிஸா எண்டு தெரியாட்டி தெரியா எண்டே போடுங்க, உடுப்பு நிறத்தையும் சப்பாத்தையும் எழுதுங்க. அவன் சொன்ன வார்த்தைய சிங்களத்தில சொன்னா சிங்களச் சொல்லையே தமிழ் எழுத்தில எழுதுங்க. அடிகாயம் எண்டா அண்டைக்கே ஆஸ்பத்திரி, சட்ட வைத்திய அதிகாரிட்டக் காட்டவேணும் எண்டு வாய்திறந்து கேளுங்க, ஆஸ்பத்திரியில தாற டயக்னோசிஸ் காட் துண்டப் போட்டோ எடுங்க. பொலிஸ்ல முறைப்பாடு போட்டா தாற துண்டில புத்தகம், பக்கம், பந்தி இலக்கம் இரிக்கும், அது மூண்டும் கொப்பிக்கு. எழுதி முடிச்சோண்ண சொன்னவங்களுக்கு சத்தமா வாசிச்சுக் காட்டி, பேர் வெளிய போகலாமா போகக்கூடாதா எண்டு கேட்டு, அந்தப் பதிலையும் எழுதி சைன் வாங்குங்க, கைநாட்டும் சரி. பேர் போகக்கூடாது எண்டா கொப்பியில இலக்கம் மட்டும், பேர் வேற இடத்தில. அழக்குள்ள எழுதாதீங்க. பேனைய வச்சிட்டு தண்ணி குடுங்க.

திகதி ஏன் இவ்வளவு முக்கியம் எண்டு எனக்கு ஒரு தாய்தான் படிப்பிச்சவ. மகனப் பிடிச்சு அடிச்சுப்போட்டு விட்டிட்டானுகள். அவ எங்களிட்ட வந்தது மூண்டாம் நாள். நாங்க நல்லா எழுதினம், படம் எடுத்தம், அங்கால இங்கால கதைச்சம், கூட்டத்தில ரெண்டுதரம் பேசினம். லோயரிட்டப் போகக்குள்ள முப்பத்தாறாம் நாள். அவர் பைல மூடிப்போட்டு எங்களப் பாத்த பார்வை இப்பவும் கண்ணுக்குள்ள நிக்குது. அடிப்படை உரிமை மீறல் வழக்கு உயர் நீதிமன்றத்தில ஒரு மாசத்துக்குள்ள போடவேணும், 126ஆம் உறுப்புரை. அந்த மாசத்துக்குள்ள மனித உரிமைகள் ஆணைக்குழுவுக்கு முறைப்பாடு குடுத்து அங்க விசாரணை நடந்தா, அந்த நாளெல்லாம் கணக்கில வராது, 1996இன் 21ஆம் இலக்கச் சட்டம் 13ஆம் பிரிவு. நாங்க அதையும் குடுக்கல்ல. பிழை எங்கடது, அந்தத் தாய் ஒரு வார்த்தையும் சொல்லல்ல, அதுதான் இன்னும் கஸ்டம்.

அதால இப்ப எங்கட கொப்பியில சம்பவத்துக்கு நேர பக்கத்தில சிவப்புப் பேனையால ஒரு திகதி இரிக்கும், சம்பவம் நடந்து இருபதாவது நாள். அதுக்கு முதல் மட்டக்களப்பு இல்லாட்டி கல்முனை ஆணைக்குழு ஒபிஸுக்கு போயாகவேணும். போன்ல சொல்லுறதெண்டா 1996 எண்ட நம்பருக்கு அடிங்க. ஆனா போன்ல சொன்னதோட நிக்காம எழுத்தில குடுத்து முறைப்பாட்டு இலக்கம் வாங்குங்க, மறுகா விசாரணை நடக்குது எண்டதுக்கு ஒரு கடிதமும் கேட்டு வாங்குங்க, முறைப்பாட்டப் போட்டுட்டு சும்மா இரிந்தா கோட் அத ஏற்காம விடலாம்.

ராத்திரியில ஆளக் கொண்டுபோனா என்ன செய்யிற எண்டு முதலே கதைச்சு வையுங்க, அந்த நேரம் மூளை வேலை செய்யாது. ஏன் பிடிக்கிற எண்டு கேக்கிறது உரிமை. எந்த ஸ்டேசனுக்கு, ஆர் பொறுப்பு, கைதுசெய்ததுக்குத் துண்டு. தரமாட்டம் எண்டா தரமாட்டம் எண்டு சொன்னதையும் நேரத்தோட எழுதுங்க. சாதாரணச் சட்டத்தில 24 மணித்தியாலத்துக்குள்ள நீதவானுக்கு முன்னால கொண்டுபோகவேணும். பயங்கரவாதத் தடைச் சட்டம் எண்டு சொன்னா கதை வேற, 1979இன் 48ஆம் இலக்கம், தற்காலிகம் எண்டு பேரிலயே இரிக்கு, எங்கட பிள்ளைகள் பேரப்பிள்ளை கண்டிட்டாங்க. அதில 72 மணித்தியாலம், மறுகா அமைச்சர்ட தடுப்புக் கட்டளை மூண்டு மூண்டு மாசமா, முந்தி 18 மாசம் வரைக்கும் போகும், 2022 திருத்தத்தில 12 மாசமாக்கினாங்க. ஆனா அந்தச் சட்டத்தில பிடிச்சாலும் 48 மணித்தியாலத்துக்குள்ள ஆணைக்குழுவுக்கு அறிவிக்கவேணும், அதால நீங்களே முந்தி எடுத்துச் சொல்லுங்க. 2021 மே 18 கிரான் பக்கம் கடற்கரையில யுத்தத்தில செத்தவங்களுக்கு விளக்கேத்தினதுக்குப் பத்துப் பேரப் பிடிச்சு மாசக்கணக்கா உள்ள வச்சிரிந்தது உங்களுக்கு ஞாபகம் இரிக்கும். லோயர்ட நம்பர் போன்ல மட்டும் இரிந்தா போன் போனா நம்பரும் போச்சு. அரிசிப் பெட்டி மூடிக்கு உள்பக்கம் எழுதி ஒட்டுங்க, எங்கட வீட்டில அங்கதான்.

விளங்காத பேப்பர்ல சைன் வைக்காதீங்க. விளங்காத பேப்பர்ல சைன் வைக்காதீங்க. ரெண்டுதரம் எழுதியிரிக்கன்.

வீட்டுக்கு விசாரிக்க வாறாக்கள். வருவாங்க, அது நிச்சயம், நல்ல அரசாங்கம் எண்டு எல்லாரும் சொன்ன காலத்திலயும் வந்தவங்க. சண்டை பிடிக்காதீங்க, பயந்து ஒளியவும் வேணாம். கதிரை போடுங்க, வீட்டுக்குள்ள இல்ல, முத்தத்தில, ரோட்டால போறாக்களுக்குத் தெரியிற மாதிரி. தனிய இரிந்து கதைக்காதீங்க, பக்கத்து வீட்டு ஆள ஒருக்கா கூப்பிடுங்க. பேர் என்ன, எந்த ஒபிஸ், என்ன விசயமா எண்டு நீங்கதான் முதல்ல கேளுங்க, மரியாதையா. உறுப்பினர் லிஸ்ட் கேட்டா எழுத்தில கேளுங்க சேர், நாங்களும் எழுத்தில பதில் தாறம் எண்டு சொல்லுங்க. அதுக்குப் பொறகு முக்கால்வாசிப் பேர் திரும்பிக் கேக்கிறல்ல. கொழும்புக்கு வா, இன்ன இடத்துக்கு வா எண்டு போன்ல சொன்னாலும் அதே பதில், கடிதம் தாங்க, தமிழில தாங்க. போகவேண்டி வந்தா லோயரோட போங்க, போற நேரமும் திரும்பின நேரமும் கொப்பிக்கு. அவங்க போன உடன என்ன கேட்டாங்க எண்டு எழுதிப்போடுங்க, ஆறு மாசத்தில அந்தப் பக்கங்களப் புரட்டினா அவங்களுக்கு எந்த விசயத்தில கண் எண்டு உங்களுக்கே விளங்கும். அவங்க உங்களப் பத்தி பைல் வச்சிரிக்காங்க, நீங்களும் ஒண்டு வையுங்களன்.

எனக்குப் பிடிச்ச பகுதி இனித்தான். தகவல் அறியும் உரிமைச் சட்டம், 2016இன் 12ஆம் இலக்கம். கோசம் போட்டு ஒரு வருசத்தில கிடைக்காதது ஒரு முத்திரையில கிடைக்கும் சிலவேளை. டிஎஸ் ஒபிஸ் எண்ட பிரதேச செயலகம், பிரதேச சபை, கச்சேரி எண்ட மாவட்டச் செயலகம், மகாவலி அதிகார சபை, வன இலாகா, பொலிஸ் கூட, எல்லா இடத்திலயும் தகவல் அலுவலர் எண்டு ஒராள் இரிக்கவேணும். ஏன் கேக்கிற எண்டு காரணம் சொல்லத் தேவையில்ல, அவர் கேட்டாலும் சொல்லாதீங்க. 14 வேலை நாளுக்குள்ள தருவமா மாட்டமா எண்டு பதில் வரவேணும், ஒராள்ட உயிர், சுதந்திரம் சம்பந்தப்பட்டதெண்டா 48 மணித்தியாலம். மாட்டம் எண்டா 14 நாளுக்குள்ள அதே இடத்துக் குறித்தளிக்கப்பட்ட அலுவலருக்கு மேன்முறையீடு, அவர் மூண்டு கிழமைக்குள்ள முடிவு சொல்லவேணும், அதுவும் சரிவராட்டி ரெண்டு மாசத்துக்குள்ள கொழும்பில இரிக்கிற தகவல் அறியும் உரிமை ஆணைக்குழு.

கேள்விய எப்பிடிக் கேக்கிற எண்டதிலதான் விசயம். "ஏன் எங்கட மேய்ச்சல் தரையப் பறிச்சீங்க" எண்டு கேட்டா பதில் வராது, அது தகவல் இல்ல, சண்டை. மயிலத்தமடு, மாதவணைப் பண்ணையாளர்கள் 2023 செப்டம்பர்ல மேய்ச்சல் தரை பறிபோகுது எண்டு சித்தாண்டியில பந்தல் போட்டு இரிந்தாங்க, நாளும் பொழுதும் மாடு செத்த படத்தோட. அந்த மாதிரி ஒரு விசயத்தில நீங்க கேக்கவேண்டியது, இந்த இடத்துக்கு இந்த வருசத்தில இரிந்து இந்த வருசம் வரைக்கும் குடுத்த அனுமதிப் பத்திரங்கள்ட பிரதி, மேய்ச்சல் தரையா அடையாளம் கண்ட கூட்டத்தின்ர கூட்டறிக்கைப் பிரதி, வரைபடம். பேப்பர்ட பேரச் சொல்லிக் கேளுங்க. வாகரைப் பக்கமோ திருக்கோவில் பக்கமோ இல்மனைட் மண் பிரச்சினையெண்டாலும் அதே மாதிரித்தான், ஆய்வு அனுமதியா அகழ்வு அனுமதியா, எத்தினை ஏக்கர், ஆர்ட பேர்ல, எப்ப முடியுது. ஒரு கடிதத்தில மூண்டு கேள்விக்கு மேல வேணாம். பதிவுத் தபால்ல போட்டு அந்தத் துண்ட கொப்பியில ஒட்டுங்க. அம்பாறைப் பக்கம் பாணமையில 2010 ஜூலை 17 ராவு குடிசைகள எரிச்சு கலைச்ச சனம், 2015 பெப்ரவரியில அமைச்சரவை காணியக் குடுக்கச் சொல்லி முடிவெடுத்தும் குடுக்காம இழுத்தடிச்சதால, 2016ல தாங்களே உள்ள போனாங்க. அமைச்சரவை முடிவெண்டு ஒரு தாள் கையில இரிக்கிறதுக்கும் வெறும் வாய்க்கும் உள்ள வித்தியாசம் அதுதான்.

கூட்டம், ஊர்வலம் பத்திச் சுருக்கமா சொல்லுறன். ஊர்வலம் போறதெண்டா பொலிஸ் கட்டளைச் சட்டப்படி ஆறு மணித்தியாலத்துக்கு முதல் கிட்ட உள்ள ஸ்டேசனுக்கு அறிவிக்கவேணும், அது அறிவிப்பு, அனுமதி கேக்கிறது இல்ல, கடிதத்தில "அனுமதி தாருங்கள்" எண்டு எழுதாதீங்க, "அறியத்தருகிறோம்" எண்டு எழுதுங்க. பிரதியில ஸ்டேசன் சீல் வாங்குங்க. ஒலிபெருக்கிக்கு மட்டும் அனுமதி வேணும். முதல்நாள் பின்னேரம் பொலிஸ் நீதவான்ட போய் குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டம் 106ஆம் பிரிவில தடையுத்தரவு எடுத்துக்கொண்டு வந்து பேர் வாசிப்பாங்க, இது எங்கட மாவட்டத்தில வழமையான நாடகம். உத்தரவ வாங்கி முழுசா வாசியுங்க, ஆர் ஆர்ட பேர் இரிக்கு, எந்த இடம், எத்தினை நாள், 14 நாளுக்கு மேல நிக்காது, லோயரப் பிடிச்சு நீக்கச் சொல்லியும் கேக்கலாம். கிழிச்சு எறிஞ்சு வீரம் காட்டாதீங்க. 2021 பெப்ரவரி 3 பொத்துவில்ல மழைக்குள்ள தொடங்கின நடைக்கும் தடையுத்தரவு எடுத்தாங்கதானே, அது 7ஆம் திகதி யாழ்ப்பாணத்துப் பொலிகண்டியில போய்த்தான் நிண்டுது.

அந்த நடையில முஸ்லிம் ஆக்கள் வந்து சேந்தது சும்மா இல்ல, கொரோனாவில செத்த முஸ்லிம் ஆக்கள்ட ஜனாசாவ, அதாவது உடல, எரிக்கிறத நிப்பாட்டச் சொல்லுறதும் ஒரு கோரிக்கையா இரிந்தது. இத ஏன் சொல்லுறன் எண்டா, உங்கட கொப்பியில உங்கட ஊர், உங்கட ஆக்கள்ட கதை மட்டும் இரிந்தா அது உரிமைக் குழு இல்ல, கட்சி. 1990 ஓகஸ்ட் 3 காத்தான்குடிப் பள்ளிவாசல்ல முஸ்லிம் ஆக்களக் கொலை செய்ததையும் செப்டம்பர் 9 சத்துருக்கொண்டானில தமிழ் ஆக்களக் கொலை செய்ததையும் ஒரே பேனையால எழுத ஏலாத ஆள் இந்த அலுவலுக்கு வேணாம். ஏறாவூர்ல, காத்தான்குடியில, அக்கரைப்பற்றில உங்களுக்கு ஒவ்வொரு கூட்டாளி வேணும், பிரச்சினை வந்த அண்டைக்கு நம்பர் தேடாம.

போன். வட்ஸ்அப் குறூப்பில 60 பேர் இரிந்தா அது கூட்டம் இல்ல, சந்தை. அஞ்சு பேருக்கு ஒரு குறூப், மெசேஜ் ஒரு கிழமையில தானா அழியிற மாதிரி வையுங்க. விரல் வச்சுத் திறக்கிற லொக்க எடுத்துப்போட்டு ஆறு இலக்க நம்பர் போடுங்க, விரல அவன் பிடிச்சு வைப்பான். பாதிக்கப்பட்டவங்கட படம் எடுத்தா அண்டைக்கே வேற இடத்துக்கு மாத்திப்போட்டு போன்ல அழியுங்க. பேஸ்புக்கில கோவத்தில எழுதாதீங்க, இன, மத வெறுப்பத் தூண்டினதெண்டு பிடிக்கிற 2007ஆம் ஆண்டு ஐசிசிபிஆர் சட்டம் இரிக்கு, 2024இன் 9ஆம் இலக்க நிகழ்நிலைக் காப்புச் சட்டம் இரிக்கு, பழைய படம் ஒண்டு ஷேர் பண்ணினதுக்கு உள்ள போன பொடியனுகள் எங்கட மாவட்டத்திலயே இரிக்கானுகள். அந்த ரெண்டு பொடியனுகள்ட பேஜ அண்டைக்கே மூட வச்சன். மூஞ்ச தூக்கிக்கொண்டுதான் மூடினானுகள்.

கடைசியா கொப்பிய எங்க வைக்கிற. சிஐடியவிட பெரிய எதிரி எங்கட ஊர்ல வெள்ளமும் கறையானும்தான். 2004 சுனாமியில கல்லாறு, நாவலடிப் பக்கமெல்லாம் சனம் பிறப்புச் சாட்சிப்பத்திரம் கூட இல்லாம நிண்டத கண்ணால கண்டவ நான். பத்துப் பக்கம் நிரம்பினோண்ண போட்டோக்கொப்பி ரெண்டு எடுங்க, ஊர்க் கடையில வேணாம், டவுன்ல, ஒவ்வொருதரமும் ஒரே கடையும் வேணாம். ஒண்டு லோயரிட்ட, ஒண்டு வேற மாவட்டத்தில நம்பிக்கையான ஒராளிட்ட. மூலக் கொப்பிய தடிச்ச பொலித்தீன்ல சுத்தி, நெல்லு போடுற பிளாஸ்டிக் பீப்பாக்குள்ள, நாலு வேப்பிலையோட. மார்கழி வர முதல் ஒருக்கா வெளிய எடுத்து வெயில் காட்டுங்க.

பொடியனுகள் நேத்து திரும்பி வந்தானுகள். கொப்பி வாங்கி, நூத்தித் தொண்ணூறு பக்கத்துக்கும் இலக்கம் போட்டு, முதல் பக்கத்தில ஒரு பதிவும் எழுதியிரிந்தானுகள், அவனுகள்ட வீட்டுக்கு ஆரோ ரெண்டு பேர் வந்து என்ன பேஜ் அது எண்டு விசாரிச்சதாம். நேரம், சைக்கிள் நம்பர், சேட்டு நிறம் எல்லாம் இரிக்கு. "ஆர் கண்டது எண்டு போடல்லயே மனே" எண்டன். பேனை கேட்டு வாங்கி அதிலயே இரிந்து எழுதினான். குழுவுக்கு இன்னும் பேர் வைக்கல்ல.